எந்தத் துறை நூல்கள் கைமாறுகின்றன? பொருட்பகுப்பு வாரியாக இரவலை அளப்பது பற்றிய கேள்விகள்

"இந்த ஆண்டு இத்தனை ஆயிரம் நூல்கள் இரவல் வழங்கப்பட்டன" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும் நூலக ஆண்டறிக்கைகள் ஏராளம். அந்த வரியைத் துறை துறையாகப் பிரித்துப் பார்க்க விரும்பும் நூலகர்களுக்காகவும் நூலகவியல் மாணவர்களுக்காகவும் இந்தப் பக்கம். கணக்குகளில் வரும் நூலகம் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டது.

மொத்த இரவல் எண்ணிக்கையே போதாதா? துறைவாரியாக எதற்குப் பிரிக்க வேண்டும்?

மொத்த எண்ணிக்கை நூலகம் இயங்குகிறது என்று மட்டும் சொல்லும். எதை வாங்குவது, எதற்கு இடம் ஒதுக்குவது, எந்த அலமாரியை நின்று கவனிப்பது என்ற கேள்விகளுக்கு அதனிடம் விடை இல்லை. மொத்தம் ஏறிக்கொண்டே போகும்போது மருத்துவ நூல்கள் நான்கு ஆண்டுகளாக அசையாமல் கிடக்கலாம்; நாவல்களின் வேகம் அதை மறைத்துவிடும்.

வெறும் இரவல் எண்ணிக்கையைத் துறைவாரியாகப் பிரிப்பதும் போதாது. இலக்கிய நூல்கள் அறிவியலைவிடப் பத்து மடங்கு இரவல் போயின என்றால், வாசகர்கள் பத்து மடங்கு இலக்கியத்தை விரும்புகிறார்கள் என்று பொருளா? இலக்கிய நூல்களே பத்து மடங்கு இருந்தால் இரண்டு துறைகளும் சமமாகத்தான் ஓடுகின்றன. இரவலை எப்போதும் அந்தத் துறையின் இருப்போடு சேர்த்தே படிக்க வேண்டும். மற்ற எல்லாமே இதன் விரிவுதான்.

கணக்குக்கு என்னென்ன வேண்டும்?

ஒவ்வொரு பகுப்புக்கும் இரவல் வழங்கத்தக்க பிரதிகளின் எண்ணிக்கை, குறிப்பிட்ட காலத்தில் அவற்றின் இரவல் எண்ணிக்கை, அந்தக் காலத்தின் தொடக்கமும் முடிவும். இவ்வளவே.

"இரவல் வழங்கத்தக்க" என்ற சொல்லில்தான் பலர் வழுக்குகிறார்கள். அகராதிகள், கலைக்களஞ்சியங்கள் முதலிய பார்வை நூல்கள் வெளியே போவதில்லை. தொலைந்தவை, பைண்டிங்குக்குப் போனவை, பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருப்பவை ஆகியவையும் வாசகர் கைக்கு எட்டாதவை. இவற்றை இருப்பில் சேர்த்தால், அந்தத் துறை உள்ளதைவிடச் சோம்பலாகத் தெரியும். ஆண்டின் நடுவில் நிறைய நூல்கள் வந்திருந்தால், ஆண்டுத் தொடக்க இருப்பையும் இறுதி இருப்பையும் கூட்டிப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

சுழற்சி விகிதம், பயன் காரணி என்கிறார்களே, இரண்டும் என்ன?

ஒரு நூலகத்தில் 20,000 பிரதிகள். ஆண்டுக்கு 30,000 இரவல் என்று வைத்துக்கொள்வோம். நூல்களைத் துறைவாரியாக 000 முதல் 999 வரை எண்ணிட்டுப் பிரிக்கும் டூயி தசமப் பகுப்பின்படி 500 வரிசையில், அதாவது இயற்கை அறிவியலில், 1,600 பிரதிகளும் 1,200 இரவலும். 600 வரிசையில், தொழில்நுட்பத்தில், 2,400 பிரதிகளும் 4,800 இரவலும். வரலாறும் புவியியலும் அடங்கிய 900-இல் 3,000 பிரதிகளும் 2,700 இரவலும்.

இரவலை இருப்பால் வகுத்தால் சுழற்சி விகிதம். அறிவியலுக்கு 0.75, தொழில்நுட்பத்துக்கு 2, வரலாற்றுக்கு 0.9, நூலகம் முழுமைக்கும் 1.5. ஒரு பிரதி சராசரியாக ஆண்டில் எத்தனை முறை வெளியே போனது என்பதே இந்த எண்.

பயன் காரணி விகிதாச்சாரங்களை ஒப்பிடுவது. ஜார்ஜ் பான் என்ற நூலகவியலாளர் 1974-இல் இதை முன்வைத்தார். மொத்த இரவலில் ஒரு துறையின் பங்கை, மொத்த இருப்பில் அதன் பங்கால் வகுக்க வேண்டும். தொழில்நுட்பம் இரவலில் 16 விழுக்காடு, இருப்பில் 12 விழுக்காடு, ஆகவே 1.33. அறிவியல் இரவலில் 4, இருப்பில் 8, ஆகவே 0.5. வரலாறு 9-க்கு 15, ஆகவே 0.6. எண் 1 என்றால் இருக்கும் அளவுக்கு ஏற்றபடி ஓடுகிறது என்று பொருள்.

கூர்ந்து பார்த்தால், துறையின் சுழற்சி விகிதத்தை நூலகத்தின் மொத்தச் சுழற்சி விகிதத்தால் வகுத்தாலும் இதே எண்தான் வருகிறது. பிறகு ஏன் இரண்டு? நூலகம் இரண்டு மாதம் மூடிக் கிடந்த ஆண்டில் எல்லாச் சுழற்சி விகிதங்களும் விழும். பயன் காரணி அவ்வளவாக அசையாது. ஆண்டுகளை ஒப்பிட அது உதவும். ஒரு குறையும் உண்டு. பங்குகளின் கூட்டுத்தொகை எப்போதும் நூறு என்பதால், ஒரு துறை திடீரென்று எழுந்தால் தாம் சற்றும் தளராத மற்றத் துறைகளும் இறங்கியதுபோலத் தோன்றும். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைப்பதே என் வழக்கம்.

1-க்கு மேல் இருந்தால் நல்லது, கீழே இருந்தால் மோசம் என்று கொள்ளலாமா?

கூடாது. இந்த எண்ணை மதிப்பெண் பட்டியலாகப் படிப்பதுதான் இந்தத் துறையில் நடக்கும் மிகப் பெரிய தவறு என்பேன்.

உயர்ந்த எண் பெருமைக்குரியதாக இருக்கலாம். போதாமையின் அடையாளமாகவும் இருக்கலாம். இருக்கும் இருபது நூல்களுக்கு இருநூறு பேர் காத்திருந்தாலும் எண் உயர்ந்துதான் நிற்கும். அலமாரிக்கு வந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் எந்த இரவல் கணக்கிலும் ஏறுவதில்லை. முன்பதிவு வரிசையையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர்கள் ஓரளவாவது கண்ணுக்குத் தெரிவார்கள்.

தாழ்ந்த எண்ணுக்கும் பல முகங்கள். மேலே சொன்ன அறிவியலின் 0.75-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த 1,600 பிரதிகளில் 400 சிறுவர் பிரிவில் இருந்து, அவை 800 முறை போயிருந்தால் அவற்றின் சுழற்சி 2. மீதி 1,200 பெரியவர் நூல்கள் 400 முறை மட்டுமே போயின, சுழற்சி 0.33. குழந்தைகள் அறிவியலை அள்ளிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் வளர்ந்து பெரியவர் பிரிவுக்கு வரும்போது எடுக்கத்தக்க நூல் அங்கே இல்லை. "அறிவியலுக்கு வாசகர் இல்லை" என்று அறிக்கையில் எழுதியிருந்தால், உண்மைக்கு நேர் எதிரானதை எழுதியிருப்போம். அந்த ஒற்றை வரியால் அடுத்த ஆண்டு அறிவியல் நூல்களுக்கான தொகை குறையும், அலமாரி இன்னும் பழசாகும், எண் இன்னும் இறங்கும்.

எவ்வளவு நுணுக்கமாகப் பகுத்து எண்ணுவது?

பத்துப் பெரும் பகுப்புகள் போதவே போதாது. 600 என்ற ஒரே எண்ணின் கீழ் மருத்துவம் 610, பொறியியல் 620, வேளாண்மை 630, சமையலும் வீட்டு நிர்வாகமும் 640, மேலாண்மை 650 என்று ஒன்றுக்கொன்று உறவில்லாதவர்கள் குடியிருக்கிறார்கள். 000 வரிசையில் கணினி நூல்கள் 004 முதல் 006 வரை. அவற்றோடு பொதுக் கலைக்களஞ்சியங்களும் நூலகவியலும் இதழியலும். இவற்றின் சராசரி யாருக்கும் பயன்படாது.

சமயத்தில் இது இன்னும் கூர்மை. டூயி பகுப்பில் 220 முதல் 280 வரை விவிலியமும் கிறித்தவமும்; மற்றச் சமயங்கள் எல்லாம் 290-க்குள். பௌத்தம் 294.3, சமணம் 294.4, இந்து சமயம் 294.5, இசுலாம் 297. பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணினால், ஒரு சமயத்துக்கு ஏழு வரிகளும் மற்றெல்லாச் சமயங்களுக்கும் சேர்த்து ஒரே வரியும் கிடைக்கும்.

தமிழ் நூல்களைப் பெருமளவில் வைத்திருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்ற எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. சங்கப் பாடலும் நேற்று வெளிவந்த துப்பறியும் நாவலும் அறிக்கையில் ஒரே வரியாக வந்து நிற்கும். அடுத்த இலக்கத்துக்கு இறங்குங்கள்: கவிதை 894.8111, நாடகம் 894.8112, புனைகதை 894.8113. அதற்கு மேலும் காலத்தையோ வகையையோ வைத்துப் பிரிக்க முடிந்தால் நல்லது. கோலன் பகுப்பு என்ற இன்னொரு முறையில் வடிவமும் ஆசிரியரும் தனித்தனி முகங்களாக, அதாவது தனித்தனிக் கூறுகளாக, எண்ணிலேயே வருவதால், அதைப் பின்பற்றும் நூலகங்களுக்கு இந்தப் பிரிப்பு எளிது.

மிக நுணுக்கமாகப் பிரித்தால் எதிர்த் தொல்லை. எட்டுப் பிரதிகள் உள்ள வரியில் ஒரே வாசகர் ஆறு நூல் எடுத்தால் எண் துள்ளிக் குதிக்கும். ஒரு வரியில் ஐம்பது நூறு பிரதிகளாவது இருக்கும்படி வரிகளை அமைப்பது என் பழக்கம். பெரிய துறையை மூன்றாம் இலக்கம் வரை பிரிக்கலாம். சிறியதைச் சேர்த்தே விடலாம். எல்லா வரிகளும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

எங்கள் பகுப்பு எண்களே ஒழுங்காக இல்லையே?

எந்த நூலகத்திலும் முழு ஒழுங்கில் இருக்காது. அதற்காகக் காத்திருக்காதீர்கள். எண் இல்லாதவை, எந்தப் பகுப்பிலும் பொருந்தாதவை எல்லாவற்றையும் "பகுக்கப்படாதவை" என்ற தனி வரியில் போட்டு, அதையும் அறிக்கையில் காட்டுங்கள். அந்த வரி மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கானால், முதலில் செய்ய வேண்டிய வேலை எது என்பது தெரிந்துவிடும்.

கணினியில் அட்டவணைக்கு மாற்றும்போது ஒரு கண்ணி இருக்கிறது. எண்ணாகப் படிக்கப்பட்டால் முன்னால் உள்ள சுழிகள் உதிர்ந்துவிடும், 005.133 வெறும் 5.133 ஆகிவிடும், 025 வெறும் 25 ஆகிவிடும். பிறகு கணினி நூல்கள் எந்தப் பகுப்பிலும் சேராமல் அலையும். பகுப்பு எண் நிரலை எழுத்தாகவே படிக்கும்படி தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சிறுவர் நூல், குறுந்தட்டு முதலியவற்றுக்காக எண்ணுக்கு முன்னால் சேர்த்த எழுத்துகளையும் தனி நிரலுக்கு மாற்றிவிட வேண்டும். அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். சிறுவர் நூலைப் பெரியவர் நூலிலிருந்து பிரிக்க அவையே கைகொடுக்கும்.

மென்பொருளில் ஒவ்வொரு நூலுக்கும் இரவல் எண்ணிக்கை இருக்கிறது. அதைக் கூட்டினால் போதுமா?

அது அந்தப் பிரதியின் வாழ்நாள் கணக்கு. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வந்த நூலும் போன மாதம் வந்த நூலும் அதில் ஒன்றாக நிற்கும். ஓர் ஆண்டின் சுழற்சி வேண்டுமென்றால், ஒவ்வொரு வழங்கலும் தேதியோடு பதிவாகும் நடவடிக்கைப் பதிவிலிருந்துதான் எடுக்க வேண்டும். கோஹா என்ற கட்டற்ற மென்பொருளில் இவை இரண்டும் தனித்தனி அட்டவணைகள். நீக்கப்பட்ட பிரதிகளையும் அது வேறோர் அட்டவணைக்கு மாற்றிவிடுகிறது. ஆண்டின் நடுவில் கிழிந்து நீக்கப்பட்ட நூல் அதுவரை இருபது முறை போயிருக்கலாம். அந்த அட்டவணையையும் இணைக்காவிட்டால் அத்தனை இரவலும் கணக்கிலிருந்து மறையும். கிழியும் அளவுக்கு ஓடிய நூல்களே இப்படி மறைகின்றன.

கணினியே இல்லாத நூலகம் இதைச் செய்ய முடியுமா?

தாராளமாக. நூலின் பின்னால் ஒட்டிய தேதிச் சீட்டு இருக்கிறதே, அதுவே போதும். எல்லா நூல்களையும் பார்க்கத் தேவையில்லை. இருபதுக்கு ஒன்றாக மாதிரி எடுத்து, கடந்த பன்னிரண்டு மாதத்தில் விழுந்த முத்திரைகளை எண்ணுங்கள்.

மாதிரியை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். அலமாரியிலிருந்து எடுத்தால், அந்த நேரத்தில் வாசகர் வீட்டில் இருக்கும் நூல்கள் மாதிரியில் வரவே வராது. அதிகம் ஓடுபவையும் அவைதான். ஆகவே நூல் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்தோ அடுக்குப் பட்டியலிலிருந்தோ (நூல்கள் அலமாரியில் இருக்கும் வரிசையிலேயே எழுதிய பட்டியல்) ஒவ்வோர் இருபதாவது வரியையும் தேர்ந்தெடுத்து, பிறகு அந்த நூலைத் தேடிப் போங்கள். வெளியே போயிருந்தால் திரும்பும்வரை காத்திருந்து சீட்டைப் பாருங்கள். தேடியும் கிடைக்காத நூல்கள் எத்தனை என்பதும் இந்த வேலையிலேயே தெரிந்துவிடும்.

புதுப்பித்தலை இரவலாக எண்ணலாமா?

தனி நிரலில் எண்ணுங்கள். இரவலோடு கலந்தால், தடிமனான பாடநூல்கள் உள்ள துறைகள் ஓடிக்கொண்டே இருப்பதாகத் தோன்றும். மென்பொருள் தானாகவே புதுப்பிக்கும் நூலகத்தில் எண்ணுக்குப் பொருளே இராது.

தவணைக் காலமும் இதோடு சேர்ந்தது. ஆண்டுக்கு ஆறு முறை சுழலும் நூல், தவணை 14 நாளானால் அதிகம் போனால் 84 நாட்கள்தான் வெளியே இருந்திருக்கும். தவணை 30 நாளானால் 180 நாட்கள், ஏறத்தாழப் பாதி ஆண்டு. ஒரே எண், ஆனால் இரண்டாவது நூலகத்தில் அந்த நூலைத் தேடி வருபவரில் பாதிப் பேர் ஏமாந்து போகக்கூடும்.

நூலகத்திலேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிறவர்கள்?

மேசையில் விட்டுச் செல்லும் நூல்களை அடுக்கும் முன் ஒருமுறை பார்கோடு படித்து, உள்பயன்பாடு என்று பதிவு செய்யுங்கள். "படித்த நூல்களை மேசையிலேயே விட்டுச் செல்லுங்கள்" என்ற அறிவிப்பு அவசியம். அப்போதும் சிலர் ஒழுங்காக எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார்கள், எனவே இந்தக் கணக்கு எப்போதும் குறைந்தே இருக்கும். ஆண்டு முழுவதும் முடியாவிட்டால், வெவ்வேறு பருவங்களில் நான்கு வாரங்கள் எடுத்தாலும் போதும். போட்டித் தேர்வு, சட்டம், கலை ஆகிய துறைகளின் நூல்களை வெறும் இரவலை வைத்து எடைபோடுவது அநியாயம். ஓவிய நூலை நின்றபடியே புரட்டுவார்கள்; சட்ட நூலில் ஒரு பிரிவைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போவார்கள்.

சராசரி நன்றாக இருந்தால் துறை நலமாக இருக்கிறது என்றுதானே பொருள்?

இல்லை. இரண்டு துறைகளில் ஒவ்வொன்றிலும் 200 பிரதிகள், 400 இரவல். இரண்டுக்கும் சுழற்சி 2. ஒன்றில் 180 பிரதிகள் ஒரு முறையாவது போயிருக்கின்றன. மற்றொன்றில் வெறும் 25 பிரதிகளே மாறி மாறிப் போய், மீதி 175 தூசி படிந்திருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு வரியிலும் மூன்றாவது எண்ணும் வேண்டும்: ஒரு முறையாவது அசைந்த பிரதிகள் எத்தனை விழுக்காடு?

இந்த ஒருபக்கச் சாய்வு புதிதல்ல. இரவலில் சுமார் 80 விழுக்காட்டை இருப்பில் சுமார் 20 விழுக்காடே சுமக்கிறது என்று ரிச்சர்ட் ட்ரூஸ்வெல் என்ற ஆய்வாளர் 1969-இல் எழுதினார். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆலன் கென்ட் குழு செய்து 1979-இல் வெளியிட்ட ஆய்வில், 1969-இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு 1975 இறுதிவரை ஒரு முறைகூட இரவல் போகவில்லை என்று தெரிந்தது. ஆய்வு முறை குறித்து அங்கேயே கடுமையான விவாதம் எழுந்தது. உங்கள் நூலகத்தின் விகிதம் வேறாக இருக்கும். துறைக்குத் துறையும் மாறும். அதனால்தான் வரிவரியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

எண் தாழ்ந்த துறையின் நூல்களை நீக்கிவிடலாமா?

பட்டியலை வைத்துக்கொண்டு மேசையிலிருந்தபடி நீக்காதீர்கள். இதை மன்றாடியே சொல்கிறேன்.

நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. தாழ்ந்த எண், அந்தச் சந்திப்பு நடக்கவில்லை என்று மட்டும் சொல்கிறது. நூல் தவறா, இடம் தவறா, எண் தவறா என்பது அலமாரிக்கு முன்னால் நின்றால்தான் தெரியும். குனிந்தும் எட்டாத அடித்தட்டில் இருக்கிறதா? முதுகில் ஒட்டிய எண் மங்கிவிட்டதா? உளவியல் 150-இல் இருக்க வேண்டியது கல்வி 370-இல் போய் ஒளிந்திருக்கிறதா? பத்து ஆண்டுகளுக்கு முந்தைய மென்பொருள் கையேடுகள் நல்ல நூல்களை நெருக்கி மறைக்கின்றனவா? இந்தக் கடைசி வகையை நீக்குவது துறைக்கே நன்மை. நீக்கிய பிறகு மிஞ்சியவை ஓடத் தொடங்குவது உண்டு.

துறைக்குத் துறை முதுமையின் வேகமும் வேறு. கணினி நூலும் மருந்தியல் நூலும் விரைவில் காலாவதியாகும். பழைய மருத்துவ நூல் ஆபத்தாகவே முடியலாம். வட்டார வரலாறும் இலக்கணமும் நாட்டார் வழக்காறும் அப்படியல்ல. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஓர் ஆய்வாளர் கேட்டு வரும் நூல், வேறெங்கும் கிடைக்காத பிரதியாக இருந்தால், அதன் சுழற்சி 0.33 என்று சொல்வதில் ஒரு பயனும் இல்லை. அதைப் பாதுகாப்புக் கணக்கில் சேர்த்து, சுழற்சிக் கணக்கிலிருந்து விலக்குங்கள்.

மின்னூல்களையும் சேர்த்து எண்ணலாமா?

வேண்டாம். பதிவிறக்கமும் திறப்பும் இரவலுக்கு நிகர் அல்ல. பல மின்னூல் தொகுப்புகளுக்கு நம் பகுப்பு எண்ணும் கிடையாது. தனி அட்டவணையாக வையுங்கள். ஒரு துறையின் அச்சு நூல் சரியும் அதே காலத்தில் மின்னூல் ஏறினால், வாசகர் போகவில்லை, வடிவம் மாறியிருக்கிறார் என்று தெரியும்.

பக்கத்து நூலகத்தோடு ஒப்பிடலாமா?

தவணைக் காலம், ஒருவருக்கு எத்தனை நூல், எந்தப் பகுப்பு முறை ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒப்பிடலாம். டூயி பகுப்பில் மொழி 400-இலும் இலக்கியம் 800-இலும் இருக்கின்றன. உலகளாவிய தசமப் பகுப்பு என்ற வேறொரு முறையில் மொழியும் எட்டாம் வகுப்புக்கே போய்விட்டது, நான்காம் வகுப்பு காலியாக இருக்கிறது. இரண்டு நூலகங்களின் "எட்டு" வெவ்வேறு பொருள். உங்கள் நூலகத்தை அதன் சென்ற ஆண்டோடு ஒப்பிடுவது எப்போதும் பாதுகாப்பானது.

வாசகர் பெயர்கள் இந்தக் கணக்குக்குத் தேவையா?

ஒருபோதும் தேவையில்லை. பகுப்பு எண், தேதி, வழங்கல் வகை மட்டும் போதும். யார் எதைப் படித்தார் என்பது அறிக்கைக்குள் வரக் கூடாது. மிகச் சிறிய துறை வரிகளை மற்றதோடு சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நூல் வாங்கும் தொகையை இந்த எண்களின்படியே பங்கிடலாமா?

நேர் விகிதத்தில் பங்கிட்டால், ஓடுவது மேலும் வளரும், நிற்பது மேலும் தேயும். சில ஆண்டுகளில் நூலகம் ஒரே துறையின் கிடங்காகிவிடும். நான் மூன்று எண்களையும் சேர்த்துப் படிப்பேன். சுழற்சி உயர்ந்து, அசைந்த பிரதிகளும் உயர்ந்திருந்தால், அங்கே புதிய தலைப்புகள் வேண்டும். சுழற்சி உயர்ந்து, அசைந்தவை குறைவு என்றால், ஓடும் தலைப்புகளுக்குக் கூடுதல் பிரதி வாங்கி, மீதியை அலமாரியில் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டும் தாழ்ந்திருந்தால் பணத்தை நிறுத்துவதற்கு முன், ஒரு சிறு தொகைக்குப் புதிய நூல்கள் வாங்கி, கண்ணுக்கு நேரான தட்டில் ஆறு மாதம் வைத்து, அந்த நூல்களின் இரவலை மட்டும் தனியாக எண்ணுங்கள். அவை போனால் துறைக்கு வாசகர் இருக்கிறார்கள். பழைய நூல்கள்தான் அவர்களுக்குப் பொருந்தவில்லை. அவையும் போகவில்லை என்றால், அந்த ஆண்டு அங்கே வாங்குவதை நிறுத்திவைக்கலாம். அடுத்த ஆண்டும் எண்ணுங்கள்.